உரிமையை அறிந்து கேட்போம்

1956 நவம்பர் முதல் நாள் கேரளம் உதயமாயிற்று. தேவிகுளம், பீருமேடு, சித்தூர் தாலுகாக்களின் தமிழ் மக்கள் அம்மாநிலத்தின் மொழிச் சிறுபான்மையினராயினர். அதே நாளில் அமலுக்கு வந்த ஏழாவது திருத்தத்தின் வாயிலாக, அரசியல் சட்டத்தில் 350-ஏ ஷரத்து இடம் பெற்றது. நம் குழந்தைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியிற் பெறுதற்குப் போதிய வசதிகள் செய்ய அரசு முயலவேண்டும் என்பதே அதன் சாரம். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமோ, நாம் அரசுக்குத் தமிழிலேயே எழுத இடந்தருகிறது.

இவற்றை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அறிவதற்கு இன்று பொருட்செலவில்லை. அரசியல் சட்டத்தின் தமிழாக்கம் மத்திய சட்ட அமைச்சகத்தின் இணையதளத்தில் இலவசமாய்க் கிடைக்கிறது. மத்திய அரசின் தீக்ஷா தளத்தில் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் குடிமையியல் பாடங்கள் உள்ளன. வீடுதோறும் சென்று அரசியல் சட்டத்தைக் கற்பித்த கொல்லம் மாவட்டம், அவ்வெழுத்தறிவில் நாட்டிலேயே முதலாவதென 2023 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அங்கு இயன்றது தோட்ட லயங்களில் இயலாதோ?

ரயில்வே அலுவலகத்தில் மனுக்களைப் பதிவு செய்பவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன்: குறையை மட்டும் சொல்லும் மனு கோப்பில் உறங்கும், விதியின் எண்ணைச் சுட்டும் மனுவுக்குப் பதில் எழுதியே தீரவேண்டும். தமிழ் வகுப்புக்கு ஆசிரியர் இல்லையெனில், பெற்றோரே, ஷரத்தின் எண்ணைக் குறித்துத் தமிழிலேயே எழுதுங்கள். ஞாயிறுதோறும் ஒரு ஷரத்தைப் பிள்ளைகள் உரக்கப் படிக்க, வீட்டார் கேட்கட்டும்.