இஷா முடிந்தபிறகு எதற்கு செல்போன்?

திருத்தணி மலைக்கோயிலுக்கு 365 படிகள். ஆண்டின் நாளுக்கு ஒன்று என்பது ஊர்க் கணக்கு. டிசம்பர் 31-ஆம் தேதி திருப்படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, பாடிவிட்டுத்தான் அடுத்த படிக்கு நகர்வார்கள். ஒரு நாளைக்கு ஒரு படி என்கிற பக்திக் கணக்கை இந்த ஊர்க்காரருக்கு, அவர் எந்த மதத்தவராக இருந்தாலும், புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் தெரிந்த கணக்கைக் கடைப்பிடிப்பது வேறு. தமிழும் உருதும் தெலுங்கும் கலந்து புழங்கும் இந்த எல்லை ஊரில் முஸ்லிம் குடும்பங்களிடம் தினசரி வணக்கத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், எல்லாரும் ரமலானில்தான் தொடங்குகிறார்கள். "அந்த ஒரு மாசம் பள்ளியில நிக்க இடமிருக்காது. தராவீஹுக்கு வெளியிலயும் பாய் விரிப்பாங்க. பெருநாள் கழிஞ்ச மறுநாள் சுபுஹுக்கு வந்து பாருங்க தம்பி, இமாமுக்குப் பின்னால ஒரு வரிசை நிறைஞ்சா பெரிய விஷயம்" என்றார் பஸ் நிலையத்தின் பக்கம் பழக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர். திருத்தணியை மட்டும் குறை சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் எந்த ஊர் மோதினாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்.

இத்தனைக்கும் மார்க்கம் இதில் மிகத் தெளிவாக இருக்கிறது. கொஞ்சமாக இருந்தாலும் விடாமல் செய்கிற அமலே அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமானது என்று நபிகள் நாயகம் சொன்னதை ஆயிஷா நாயகி அறிவித்திருக்கிறார்கள். மதீனாப் பள்ளியில் ஒருநாள் இரண்டு தூண்களுக்கு நடுவே கயிறு கட்டியிருந்தது. இரவுத் தொழுகையில் களைப்பு வந்தால் பிடித்துக்கொள்வதற்காக ஸைனப் நாயகி கட்டியது. நபியவர்கள் அதை அவிழ்க்கச் சொல்லிவிட்டார்கள். தெம்பு இருக்கும்வரை தொழுங்கள், களைத்தால் உட்கார்ந்துவிடுங்கள் என்பது அவர்கள் தீர்ப்பு. இரவுத் தொழுகையை வழக்கமாக்கிக்கொண்டு பிறகு கைவிட்ட ஒருவரைக் காட்டி, அவரைப்போல் நீரும் ஆகிவிடாதீர் என்று அப்துல்லாஹ் இப்னு அம்ரை எச்சரித்ததும் உண்டு. ஒரே மூச்சில் நிறையச் செய்துவிட்டு ஓய்ந்துபோவதைவிட, முடிந்ததைச் செய்துகொண்டே இருப்பதுதான் வழி.

இன்றைய ஆய்வும் இதற்கு ஒத்துப்போகிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரை ஒரு புதிய பழக்கத்தைத் தினமும் செய்யச் சொல்லிக் கவனித்து, 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். செயல் தானாக வரும் நிலையை அடைய நடுத்தரமாக 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18 நாள் போதும், சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. தண்ணீர் குடிப்பது போன்ற எளிய பழக்கம் சீக்கிரம் ஒட்டிக்கொண்டது. உடற்பயிற்சி தாமதமானது. இடையில் ஒருநாள் விட்டுப்போனதால் எதுவும் கெட்டுவிடவில்லை. ரமலானோ 29 அல்லது 30 நாள். அது நம்மைப் பாதி வழிகூடக் கொண்டுவிடுவதில்லை. மீதியை ஷவ்வாலிலும் துல்கஅதாவிலும் நாமேதான் நடக்க வேண்டும். அங்கேதான் கால் நின்றுபோகிறது.

நடப்பதற்கு எளிய வழி, ஏற்கெனவே இருக்கும் வேலையோடு புதியதைச் சேர்த்துவிடுவது. பிலால் அவர்களின் காலடிச் சத்தத்தைச் சொர்க்கத்தில் கேட்டதாகச் சொன்ன நபியவர்கள், அப்படி என்ன அமல் செய்கிறீர் என்று அவரிடமே விசாரித்தார்கள். இரவோ பகலோ, எப்போது ஒளு செய்தாலும் அதைத் தொடர்ந்து முடிந்த அளவு தொழுதுவிடுவேன் என்றார் பிலால். ஒளு எப்படியும் செய்தாக வேண்டியது. தொழுகையை அதன் பின்னால் கோத்துவிட்டார், அவ்வளவுதான்.

குர்ஆனுக்கும் இதே கணக்குப் போடலாம். பரவலாகப் புழங்கும் மதீனா அச்சில் 604 பக்கங்கள். வக்துக்கு ஒரு பக்கம் ஓதினால் நாளைக்கு ஐந்து. நான்கே மாதத்தில் முழுக் குர்ஆனும் முடியும், வருடத்துக்கு மூன்று கத்தம். வக்துக்கு நான்கு பக்கம் என்றால் நாளுக்கு ஒரு ஜுஸ்வு, மாதத்துக்கு ஒரு கத்தம். பாதிப்பேர் இந்த இரண்டாவது கணக்கில் உற்சாகமாகத் தொடங்கி, பத்தாவது நாள் நிறுத்திவிடுகிறார்கள். முதல் கணக்கில் தொடங்கியவர்தான் அடுத்த ரமலானிலும் ஓதிக்கொண்டிருப்பார்.

கடைக்காரர்களுக்கு வேறொரு சௌகரியமும் உண்டு. வட மாவட்டங்களில் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபு. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களின் ஷாஃபி முறையைவிட இங்கே அஸர் தாமதமாகத் தொடங்கும். மதிய வியாபாரம் ஓய்ந்து மாலை வியாபாரம் சூடு பிடிப்பதற்கு முன் கிடைக்கும் அந்த இடைவெளியில், கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே தஸ்பீஹ் மணி உருட்டலாம். சென்னைக்கு மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறவருக்கோ போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். ஸலவாத்துக்கு அதைவிட நல்ல நேரம் ஏது?

தமிழ் முஸ்லிம்களுக்கு இதெல்லாம் புதிய பாடமே இல்லை. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) தொழுகைச் சட்டங்களை அரபுத்தமிழில் எழுதியது, வீட்டில் இருக்கும் பெண்களும் தாங்களே படித்துச் செய்யட்டும் என்றுதான். மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவே யாஸீன் ஓதும் சத்தம் கேட்காத வீடு ஒருகாலத்தில் அபூர்வம். பொழுது விடிந்தால் பிள்ளைகள் மக்தபுக்குக் கிளம்பிவிடுவார்கள். ரமலான் வந்தால் சஹருக்கு எழுப்ப பக்கீர் பாவாக்கள் தப்ஸ் அடித்துப் பாடிக்கொண்டு தெருத்தெருவாக வருவார்கள். எழுப்ப ஆள் இருந்தது. அதைவிட முக்கியம், எழுப்பினால் எழுந்திருக்கும் அளவுக்கு ஊரே நேரத்தோடு தூங்கியது.

இப்போது சிக்கல் அங்கேதான். வணக்கம் நிலைக்காததற்கு ஈமான் குறைவு, உலக ஆசை, பள்ளிக்கூடப் படிப்புச் சுமை என்று பலரும் பல காரணம் சொல்கிறார்கள். எனக்கு ஒன்றே ஒன்றுதான் கண்ணில் படுகிறது: தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கும் செல்போன்.

கணக்கைப் பாருங்கள். திருத்தணியில் ஜூன் மாதம் சுபுஹு நேரம் நாலரை மணிவாக்கில் தொடங்கிவிடும். ஜனவரியில் ஐந்தே காலைத் தாண்டும். கோடையிலும்கூட இஷா ஜமாஅத் ஒன்பது மணிக்குள் முடிந்துவிடும். ஒன்பதரைக்குப் படுத்தவர் நாலரைக்கு எழுந்தால் முழுதாக ஏழு மணி நேரத் தூக்கம். ஐந்து வக்தின் நேரங்களே மனிதனுக்கு நல்ல தூக்கத்தை ஒதுக்கித் தந்திருக்கின்றன. இஷாவுக்கு முன் தூங்குவதையும் இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபியவர்கள் விரும்பியதில்லை என்பது அபூ பர்ஸா அறிவிப்பு. அன்று எதிரில் ஒரு ஆள் இருந்தால்தான் பேச்சு. அவர் கொட்டாவி விட்டால் பேச்சு முடிந்துவிடும். போனுக்குக் கொட்டாவி வராது. ஒரு வீடியோ முடிவதற்குள் அடுத்தது ஓடுகிறது. மணி ஒன்றாகிவிடுகிறது. பிறகு நாலரைக்குப் பாங்கு சொல்லி என்ன பயன்? மூன்றரை மணி நேரம் மட்டுமே தூங்கிய பிள்ளையைத் தண்ணீர் தெளித்து எழுப்பினாலும் அவன் தொழுவது தூக்கத்தில்தான்.

சுபுஹு போனால் அன்றைய நாளே கோணலாகிவிடுகிறது. கழாவாகத் தொழுதுகொள்ளலாம் என்று ஒருமுறை மனம் சமாதானம் சொல்லிவிட்டால், லுஹருக்கும் அதே சமாதானம் கிடைத்துவிடும்.

போன் வந்து உட்கார்ந்திருக்கும் அந்த இடம் ஒரு வணக்கத்துக்கு உரிய இடம் என்பதுதான் கூடுதல் வேதனை. மாவு திரித்துத் திரித்துக் கை காய்த்துப்போன ஃபாத்திமா நாயகி, வேலைக்கு ஓர் ஆள் கேட்டுத் தகப்பனாரிடம் போனார்கள். நபியவர்கள் இரவில் அவர்கள் வீட்டுக்கே வந்து, படுக்கப்போகும்போது சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 சொல்லுங்கள், வேலையாளைவிட அது உங்களுக்கு நல்லது என்றார்கள். மொத்தம் நூறு. இரண்டு மூன்று நிமிடம் ஆகலாம். அன்றிலிருந்து அதை விட்டதே இல்லை என்றார்கள் அலி அவர்கள். ஸிஃப்பீன் போர் இரவில்கூடவா என்று கேட்டதற்கு, அந்த இரவிலும் விடவில்லை என்று பதில் வந்தது. போர்க்களத்திலும் தப்பிப் பிழைத்த பழக்கம், நம் வீட்டுப் படுக்கையறையில் ஒரு கைப்பேசி வெளிச்சத்துக்குத் தோற்றுக்கொண்டிருக்கிறது.

தொழுகை நேரமும் கிப்லாத் திசையும் குர்ஆன் ஓசையும் போனில்தானே இருக்கிறது என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். இருக்கிறது, பகலில் பயன்படட்டும். பழக்கமாகிப்போன வணக்கத்தில் உள்ளம் ஒட்டாது என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. எழுந்து நின்றவனுக்கு உள்ளம் ஒட்டுகிறதா என்பதைப் பிறகு பார்க்கலாம். எழுந்திருக்கவே இல்லையென்றால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

ஆகவே, அடுத்த ரமலானுக்குப் பெரிய திட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இருபது ரக்அத்தையும் முப்பது ஜுஸ்வையும் அப்புறம் யோசியுங்கள். இன்று இஷா முடிந்ததும் வீட்டில் எல்லாருடைய போனையும் ஒரே இடத்தில், படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். முதலில் வைக்க வேண்டியது அத்தாவின் போன், அடுத்தது அம்மாவின் போன். பிறகுதான் பிள்ளைகளுடையது. ஜமாஅத் பெரியவர்களை ஜும்ஆ பயானில் மாதம் ஒருமுறையாவது இதைச் சொல்லச் சொல்லுங்கள். அலாரம் வைக்கப் போன் வேண்டும் என்று பிள்ளை சாக்குச் சொன்னால், கடைவீதிக்குப் போய் ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.