பாட்டிலில் ஒரு விலை, மேசையில் ஒரு விலை: கொச்சி சுற்றுலா உணவகங்களின் பில்லும் இரைச்சலும் - சட்டம் சொல்வது என்ன?

கொச்சி: தமிழ்நாட்டிலிருந்து பேருந்தில் கொச்சிக்குச் செல்வோரில் பலர் இறங்கும் இடம் வைட்டிலா. பேருந்து நிலையம், மெட்ரோ ரயில், வாட்டர் மெட்ரோ படகுத்துறை மூன்றும் அருகருகே அமைந்துள்ள இந்தச் சந்திப்பிலிருந்து வண்டியும் படகும் மாறி மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி பக்கம் செல்லும் சுற்றுலாப் பயணிகள், மாலையில் ஏதேனும் ஒரு உணவகத்திலோ மதுக்கூடத்திலோ அமர்வது வழக்கம். அங்கே இரண்டு விஷயங்கள் அவர்களைத் திகைக்க வைக்கின்றன. ஒன்று, பில்லில் உள்ள தொகை. மற்றொன்று, எதிரில் இருப்பவரின் பேச்சே காதில் விழாத அளவுக்கு ஒலிக்கும் இசை.

இரண்டைப் பற்றியும் சட்டம் தெளிவாகவே பேசுகிறது. ஆனால், வாடிக்கையாளர் எதிர்பார்க்கும் இடத்தில் அது அவருக்குத் துணை நிற்பதில்லை. அவர் எதிர்பாராத இடத்தில் துணை நிற்கிறது.

20 ரூபாய் தண்ணீருக்குக் கூடுதல் விலை

டாஸ்மாக் கடையிலோ, கேரளத்தின் பெவ்கோ கடையிலோ, மளிகைக் கடையிலோ ஒரு பாட்டிலை வாங்கினால், அதில் அச்சிடப்பட்ட அதிகபட்ச சில்லறை விலையான எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. அதே பாட்டில் உணவகத்தின் மேசைக்கு வந்துவிட்டால் இந்த விதி பொருந்தாது.

இந்தக் கேள்வி நீண்ட காலம் நீதிமன்றங்களில் இருந்தது. இந்திய ஹோட்டல் மற்றும் உணவகச் சங்கங்களின் கூட்டமைப்பு தொடர்ந்த வழக்கில் 2017-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இதற்கு விடை கூறியது. உணவகத்தில் ஒருவர் தண்ணீர் பாட்டிலை மட்டும் வாங்குவதில்லை. இருக்கை, பரிமாறும் ஆள், சூழல் ஆகிய அனைத்தையும் சேர்த்தே பெறுகிறார். எனவே இது சாதாரணச் சில்லறை விற்பனை அன்று என்பதே அத்தீர்ப்பின் சாரம். நீதிபதி ரோஹின்டன் நாரிமன் தலைமையிலான அமர்வு இத்தீர்ப்பை அளித்தது.

ஆகவே, எம்.ஆர்.பி. 20 ரூபாய் என்று அச்சிட்ட தண்ணீருக்கு மெனு அட்டையில் 60 ரூபாய் என்று இருந்தால், 'பாட்டிலில் 20 என்றுதானே போட்டிருக்கிறது' என்ற வாதம் அங்கே எடுபடாது. மெனு அட்டையில் உள்ள விலையே அங்கு விலை. அந்த அட்டையில் இல்லாத தொகை பில்லில் முளைத்தால்தான் கேள்வி எழுப்ப இடம் உண்டு.

சேவைக் கட்டணம் வேறு கதை

வாடிக்கையாளருக்குச் சட்டம் துணை நிற்கும் இடம் பில்லின் கடைசி வரிகளில் உள்ளது. 5 அல்லது 10 சதவீதம் என்று சேர்க்கப்படும் 'சர்வீஸ் சார்ஜ்' அரசு விதிக்கும் வரி அன்று. அது உணவகம் தானாகவே சேர்த்துக்கொள்வது.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளின்படி, சேவைக் கட்டணத்தைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது. வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது. கொடுக்க மறுப்பவரை உள்ளே விட மறுக்கக் கூடாது. அதை பில்லில் கூட்டி, மொத்தத் தொகையின் மீது ஜி.எஸ்.டி. போடவும் கூடாது. இதை எதிர்த்து உணவகச் சங்கங்கள் தொடர்ந்த வழக்கில் அதே மாதம் இடைக்காலத் தடை கிடைத்தது. ஏறத்தாழ இரண்டே முக்கால் ஆண்டுகளுக்குப் பின், 2025 மார்ச் 28-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்து, நெறிமுறைகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. சங்கங்கள் மேல்முறையீடு செய்துள்ளன.

அந்த மேல்முறையீடு 2025 ஆகஸ்டில் விசாரணைக்கு வந்தபோது, நீதிபதிகள் எழுப்பிய கேள்வி 2017-ஆம் ஆண்டுத் தீர்ப்புடன் நேராக மோதுகிறது. 20 ரூபாய் தண்ணீருக்கு 100 ரூபாய் வாங்குவதற்குக் காரணம் இருக்கையும் சேவையும் சூழலும்தான் என்றால், அதே சேவைக்கு மறுபடியும் தனிக் கட்டணம் எதற்கு என்பதே அக்கேள்வி. உணவகத் தரப்பு ஒரே காரணத்தை இரு இடங்களில் பயன்படுத்துகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்வது கடினம்.

சிங்கப்பூர் சென்று வந்த தமிழர்களுக்கு இது புதிதாகத் தோன்றலாம். அங்கே மெனு அட்டையில் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், 10 சதவீத சேவைக் கட்டணமும் 9 சதவீத ஜி.எஸ்.டி.யும் தனியே சேரும் என்று பொருள். முன்கூட்டியே அறிவித்துவிட்டதால் அங்கு அது வழக்கமாகிவிட்டது. இந்தியாவில் அறிவிப்புப் பலகை வைத்துவிட்டால் மட்டும் கட்டாய வசூல் சட்டப்படியானதாகிவிடாது.

கேரளத்தில் மது ஏன் இவ்வளவு விலை?

மனிதர் அருந்தும் மது ஜி.எஸ்.டி. வரம்புக்குள் வராது. எனவே பில்லில் மதுவின் மீது ஜி.எஸ்.டி. இருந்தால் அது தவறு. உணவு, சோடா, தண்ணீர், பழச்சாறு ஆகியவற்றுக்கு மட்டுமே அது உண்டு. பெரும்பாலான உணவகங்களில் 5 சதவீதம். நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறைகளைக் கொண்ட ஹோட்டல்களின் உணவகங்களில் 18 சதவீதம். இரண்டும் ஒரே பில்லில் வரும்போது மதுவையும் உணவையும் தனித்தனியே பார்ப்பது நல்லது.

ஜி.எஸ்.டி. இல்லை என்பதால் மது மலிவு என்று பொருளாகாது. கேரளத்தில் மதுபான மொத்த விற்பனை 1984 முதல் அரசு நிறுவனமான பெவ்கோவின் கையில் உள்ளது. மதுக்கூடங்களும் அதனிடமே வாங்க வேண்டும். இந்தியத் தயாரிப்பு அயல்நாட்டு மதுபானம் மீதான பொது விற்பனை வரி 2022-ஆம் ஆண்டின் இறுதியில் அதிகபட்சம் 251 சதவீதமாக உயர்த்தப்பட்டது. கணக்குக்காகச் சொன்னால், 100 ரூபாய் சரக்கின் மீது இந்த வரி மட்டுமே 251 ரூபாய். இத்துடன் 2023 ஏப்ரல் முதல், 500 முதல் 999 ரூபாய் வரை விலையுள்ள பாட்டிலுக்கு 20 ரூபாயும், 1,000 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்டதற்கு 40 ரூபாயும் சமூகப் பாதுகாப்பு செஸ் சேர்ந்தது. மதுக்கூட உரிமத்தின் ஆண்டுக் கட்டணம் 2023-24 மதுக் கொள்கையில் 30 லட்சத்திலிருந்து 35 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. அந்த 35 லட்சத்தையும் யாரோ ஒருவர் பெக் பெக்காகக் கொடுத்தாக வேண்டும்.

அந்த உரிமமும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. 2014-இல் அன்றைய அரசு ஐந்து நட்சத்திர ஹோட்டல்களைத் தவிர மற்ற மதுக்கூடங்களை மூட முடிவு செய்தது. 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. 2017 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய கொள்கை மூன்று, நான்கு நட்சத்திர ஹோட்டல்களுக்கு மீண்டும் வழிவிட்டது. சிறிய உணவகங்கள் இந்த வரம்புக்கு வெளியே நின்றன. ஃபோர்ட் கொச்சியின் சிறு உணவகங்களில் பீர் தேநீர்க் குடுவையில் 'ஸ்பெஷல் டீ'யாகப் பரிமாறப்பட்ட கதை வெளிநாட்டுப் பயண வழிகாட்டி நூல்களிலேயே இடம்பெற்றது. குடுவையில் வருவதற்கு மெனு அட்டையில் விலை இருக்காது; பில்லும் இருக்காது; ஆகவே புகாரும் இருக்காது. உரிமமற்ற விற்பனை குற்றம் என்பது வேறு.

தமிழ்நாட்டுப் பயணிகள் அறியாமல் சிக்கிக்கொள்ளும் வேறுபாடு ஒன்றும் உண்டு. மது அருந்தும் குறைந்தபட்ச வயது தமிழ்நாட்டில் 21, கேரளத்தில் 23. மாதத்தின் முதல் தேதி கேரளத்தில் மதுவிலக்கு நாள். சம்பளம் வந்த கையோடு பயணம் புறப்படுவோர் இதைக் கணக்கில் கொள்வது நல்லது.

இசைக்கும் பில் உண்டு

இத்தாலியின் வெனிஸ் நகரில், 1720-இல் தொடங்கப்பட்ட கஃபே ஃப்ளோரியன் உள்ளிட்ட சான் மார்கோ சதுக்கத்துக் கஃபேக்களில் இசைக்குழு வாசிக்கும் நேரத்தில் வெளியே அமர்ந்தால், காபி விலையுடன் இசைக்கென்று தனிக் கட்டணம் பில்லில் வரும். கவுன்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, அமர்ந்தால் வேறு விலை என்பது இத்தாலியில் பொது வழக்கம். கேட்பவருக்கு எரிச்சலூட்டினாலும் அதில் ஒரு நேர்மை உள்ளது: ஒலிக்கும் விலை உண்டு என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. நம் ஊர்களில் அது பெக்கின் விலைக்குள் மறைந்திருக்கிறது.

ஒலிக்கும் விற்பனைக்கும் தொடர்பு உண்டா என்று பிரான்ஸின் மேற்குப் பகுதியில் இரு மதுக்கூடங்களில் ஆய்வு நடந்தது. 2008-இல் வெளியான அந்த ஆய்வில், இசை 72 டெசிபலில் இருந்தபோது பீர் அருந்தியவர்கள் சராசரியாக 2.6 கிளாஸும், 88 டெசிபலில் 3.4 கிளாஸும் குடித்தனர். ஒரு கிளாஸைக் காலி செய்ய எடுத்துக்கொண்ட நேரம் ஏறத்தாழ பதினான்கரை நிமிடத்திலிருந்து பதினொன்றரை நிமிடமாகக் குறைந்தது. பேச முடியாதபோது கை கிளாஸை நாடுகிறது என்பது ஒரு விளக்கம். ஆய்வில் பங்கேற்றவர்கள் 40 ஆண்கள் மட்டுமே. ஆய்வுக்குழுத் தலைவரின் வேறு சில ஆய்வுகள் மீது பிற்காலத்தில் ஐயங்கள் எழுப்பப்பட்டதால், இதை உறுதியான முடிவாக அல்லாமல் ஒரு சுட்டிக்காட்டலாகவே கொள்ள வேண்டும்.

எதிர்த்திசையிலும் தொடர்பு உண்டு. ஸ்பெயினின் பலேரிக் தீவுகளில் மலிவு மது தெருக் கூச்சலாக மாறியதால், மகலூஃப் உள்ளிட்ட சில சுற்றுலாப் பகுதிகளில் 'ஹேப்பி ஹவர்', 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' போன்ற மதுச் சலுகைகளை 2020 ஜனவரியில் அரசு தடை செய்தது. அங்கே இரைச்சலைக் குறைக்க விலையில் கை வைக்க வேண்டியிருந்தது.

சுவருக்கு அப்பால்தான் சட்டம்

இந்தியாவில் இதற்கான அடிப்படை, 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாட்டு விதிகள். காலை 6 முதல் இரவு 10 வரை பகல், மற்றது இரவு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் வரம்பு. வணிகப் பகுதியில் 65-உம் 55-உம். மருத்துவமனை, கல்வி நிறுவனம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி அறிவிக்கப்படும் அமைதி மண்டலத்தில் 50-உம் 40-உம். தனியார் இடத்தில் இயங்கும் ஒலிக்கருவியின் ஓசை, அந்த இடத்தின் எல்லையில் இந்த வரம்பைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. சாதாரண உரையாடலே ஏறத்தாழ 60 டெசிபல் என்பதை நினைவில் கொண்டால், இரவு 45 எவ்வளவு குறைவு என்பது விளங்கும்.

இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கியோ இசைக்கருவியோ மூடிய அரங்குகளுக்குள் மட்டுமே அனுமதிக்கப்படும். மொட்டைமாடி உணவகமும் திறந்த முற்றமும் மூடிய அரங்கு ஆகா. திருவிழாக் காலங்களில் மாநில அரசு ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை தளர்வு அளிக்கலாம்.

வைட்டிலா போன்ற சந்திப்பில் இது பெரும் சிக்கல் இல்லை. வாகன இரைச்சலே அங்கு மேலோங்கி நிற்கும். மட்டாஞ்சேரியில் நிலைமை வேறு. அங்கே மசாலாக் கிடங்கு, பழம்பொருள் கடை, கஃபே, ஹோம்ஸ்டே, தலைமுறைகளாக மக்கள் வாழும் வீடு எல்லாம் சுவரோடு சுவராக உள்ளன. இப்படிக் கலந்த பகுதியை எந்த வகையில் சேர்ப்பது என்பதை உரிய அதிகாரி முடிவு செய்யலாம் என்று விதி கூறுகிறது. குடியிருப்பு என்றால் இரவு 45; வணிகம் என்றால் 55. டெசிபல் அளவில் 10 கூடினால் ஒலி ஆற்றல் பத்து மடங்காகும். ஒரு வகைப்பாட்டில் மட்டும் அண்டை வீட்டாரின் தூக்கத்துக்கு அவ்வளவு வேறுபாடு.

அளவீட்டிலும் ஒரு நுணுக்கம் உண்டு. விதிகள் பயன்படுத்தும் 'டெசிபல் ஏ' அளவு மனிதக் காதின் உணர்திறனை ஒட்டியது. தாழ்ந்த அதிர்வெண் ஒலிகளை அது குறைத்தே கணக்கிடும். மதுக்கூட இசையில் சுவரைத் தாண்டி வருவதோ பெரும்பாலும் அந்த 'பேஸ்' ஒலிதான். ஜன்னல் அதிரும்போதும் கருவி வரம்புக்குள் காட்டக்கூடும்.

இந்த வரம்புகள் எல்லாம் வெளியே இருப்பவருக்கானவை. உள்ளே மேசையில் அமர்ந்திருப்பவரின் காதுக்கென்று இந்த விதிகளில் தனி வரம்பு இல்லை. உலக சுகாதார அமைப்பு 2022 மார்ச்சில் வெளியிட்ட தரநிலை, இசை அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றும், காதுக்கு ஓய்வு தரும் அமைதியான இடம் இருக்க வேண்டும் என்றும் பரிந்துரைக்கிறது. அது பரிந்துரை மட்டுமே. இசையைக் குறைக்கச் சொன்னபின் பரிமாறுபவர் கேட்காததுபோல் சென்றுவிட்டால் வாடிக்கையாளருக்கு எஞ்சுவது வாசல்தான்.

புகார் எங்கே?

ஒலி வரம்பை 10 டெசிபல் அல்லது அதற்கு மேல் தாண்டினாலோ, இரவு நேரத் தடை மீறப்பட்டாலோ எவரும் உரிய அதிகாரியிடம் புகார் அளிக்கலாம். இரவு 10 மணிக்குப் பிந்தைய திறந்தவெளி இசைக்கு டெசிபல் கணக்கு தேவையில்லை, நேரமே போதும். டி.எஸ்.பி. அல்லது அதற்கு மேற்பட்ட நிலையில் இதற்கென நியமிக்கப்பட்ட காவல் அதிகாரிக்கு நடவடிக்கை அதிகாரம் உண்டு. அவசர எண் 112.

சேவைக் கட்டணத்தை நீக்க மறுத்தால், பணம் செலுத்தும் முன் மெனு அட்டையையும் பில்லையும் படமெடுத்து வைத்துக்கொள்ளலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கேரளத்தில் இருந்துகொண்டு அழைத்தாலும் மலையாளம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தமிழ் உட்பட 17 மொழிகளில் அங்கு புகார் பதிவு செய்யலாம்.