புன்னைக்காயலில் ஒரு மாணவர்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் வழியில் கிழக்கே கடலை நோக்கித் திரும்பினால், தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் புன்னைக்காயல் இருக்கிறது. முருகனைப் பார்க்கவும் மணப்பாட்டைப் பார்க்கவும் விரைகிற வண்டிகள் இந்தத் திருப்பத்தைக் கண்டுகொள்வதில்லை. பயணம் ஒரு மனிதரை என்ன செய்யும் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்லும் ஊர் இதுதான்.

முத்துக்குளித்துறை என்று பெயர்பெற்ற இந்தக் கரைக்கு வந்துபோனவர்கள் ஏராளம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வந்தார். ஏப்ரலில் தொடங்கி மே நடுவில் முத்துக்குளிப்பு முடிவதையும், அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு போவதையும், சுறாக்களின் வாயைக் கட்ட மந்திரம் சொல்பவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு கிடைப்பதையும், காயல் துறையில் குதிரைகள் வந்திறங்குவதையும் எழுதிவைத்தார். கூர்மையான கண் அவருக்கு. ஆனால் அந்தப் பக்கங்களில் குளியாளி ஒருவர்கூட வாய் திறந்து பேசுவதில்லை. பார்த்தவர் கேட்கவில்லை, கேட்க அவருக்கு மொழியும் இல்லை, நேரமும் இல்லை.

சுமார் 250 ஆண்டுகள் கழித்து வந்தார் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். தமிழ்நாட்டில் அண்டிரிக் அடிகளார் என்று அறியப்படுபவர். 1520இல் போர்ச்சுக்கல்லின் வில்லா விசோசாவில் பிறந்தவர். துறவியாக வேண்டும் என்று பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். யூத வம்சாவளி என்பதால் அங்கிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. பிறகு இயேசு சபை ஏற்றுக்கொண்டது. 1546இல் கோவா வந்தார். அடுத்த ஆண்டு இந்தக் கரைக்கு அனுப்பப்பட்டார். பிறப்பைக் காட்டிச் சொந்த நாட்டில் ஒதுக்கப்பட்டவர், தன் பேச்சு ஒரு சொல்கூடப் புரியாத மக்கள் நடுவே வந்து நின்றார்.

அவருக்கு முன் 1542இல் வந்த இயேசு சபைத் துறவி சவேரியார், செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து மனப்பாடம் பண்ணி, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தவர். மற்றதெல்லாம் துபாஷி எனப்படும் மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான். அண்டிரிக்கும் அப்படித்தான் தொடங்கினார். தமிழ் தனக்கு வராது என்றே முதலில் நினைத்தார். ஆனால் தான் சொல்வது ஒன்று, துபாஷி சொல்வது வேறொன்றாக இருக்கிறது என்று ஒரு கட்டத்தில் தெரிந்துபோயிற்று. முத்துக்குளிப்பில் குளியாளியின் உயிர் மேலே கயிறு பிடிப்பவர் கையில் இருந்தது. அதனால்தான் இந்தக் கரையில் மச்சானைக் கயிறு பிடிக்கச் சொல்வார்கள். துபாஷியிடம் தன் பேச்சைக் கொடுத்திருந்த அண்டிரிக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது.

அதன்பின் அவர் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இரவு பகலாகத் தமிழ் படிக்க உட்கார்ந்தார். தான் அறிந்த லத்தீன் இலக்கணத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு தமிழ் வினைச்சொற்கள் காலத்துக்கும் இடத்துக்கும் எப்படி மாறுகின்றன என்று தேடித்தேடிக் குறித்தார். சில மாதங்களில் துபாஷி இல்லாமல் பேசத் தொடங்கினார். 1548இல் வேம்பாரிலிருந்து எழுதிய கடிதத்தில் இந்த முயற்சியை விவரித்திருக்கிறார். உச்சரிப்பு சரியாக வராத நாட்களில், கோயிலில் அவர் தமிழில் பேசுவார். உள்ளூர்க்காரர் ஒருவர் அதையே எல்லாருக்கும் புரியும்படி திரும்பச் சொல்வார். போதிக்க வந்தவர், தன் கூட்டத்தின் முன்னாலேயே தன் நாக்கைத் திருத்திக்கொள்ளச் சம்மதித்தார். நன்கு படித்த, சபையின் அதிகாரம் பெற்ற ஒரு மனிதருக்கு இது எளிதான காரியமாக இருந்திருக்காது.

இந்தக் கரையிலிருந்த சபைத் துறவிகள் தங்களுக்குள்ளும் தமிழில்தான் பேச வேண்டும், வேறு மொழி பேசினால் தண்டனை என்று ஒரு வழக்கம் ஏற்பட்டது. 1549இல் அண்டிரிக் இதை இயேசு சபையின் நிறுவனர் இஞ்ஞாசியாருக்கே எழுதித் தெரிவித்தார். அந்த ஆண்டுதான் அவர்களின் தலைவராக இருந்த அந்தோணி கிரிமினாலி வேதாளையில் கொல்லப்பட்டார். பொறுப்பு அண்டிரிக்கிடம் வந்தது. 1553இல் புன்னைக்காயல் தாக்கப்பட்டபோது அவரே சிறைப்பட்டார். உடல்நலமும் அவருக்கு ஒத்துழைக்கவில்லை. ஊர் திரும்ப எத்தனையோ காரணங்கள் இருந்தும் அவர் போர்ச்சுக்கல்லுக்குத் திரும்பவேயில்லை.

இந்த மாற்றத்தை மிகைப்படுத்தக் கூடாது. மதம் பரப்ப வந்தவர் கடைசிவரை மதம் பரப்புபவராகவே இருந்தார். கரையின் மற்ற வழிபாடுகளை அவர் பார்த்த பார்வையில் இன்று நம்மால் ஒத்துக்கொள்ள முடியாதவை உண்டு. பயணம் ஒருவரை அடியோடு மாற்றிவிடும் என்று நான் நம்புவதில்லை. அவருடைய ஒரு ஜன்னலையாவது திறந்துவிட்டால் அதுவே பெரிய காரியம். அண்டிரிக்குத் திறந்தது தமிழ். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கங்கள் கொண்டது. தமிழ் எழுத்தில் அச்சேறி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் நூல். 1586இல் வந்த ‘அடியார் வரலாறு’ 600 பக்கங்களுக்கு மேல். அச்சுச் செலவுக்குப் பணம் கொடுத்தவர்கள் இந்தக் கரையின் பரதவர்கள். முத்துக் காசில் பிறந்தது தமிழ் அச்சு என்று சொன்னால் தவறில்லை.

எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடந்திருக்கிறது, அதை நாம் அதிகம் பேசுவதில்லை. 1554இல் லிஸ்பனில், ரோமன் எழுத்தில் தமிழ் செபநூல் ஒன்று அச்சானது. அதை உருவாக்கியவர்கள் அங்கே போயிருந்த மூன்று தமிழர்கள்: வின்சென்ட் நாசரேத், ஜார்ஜ் கர்வாலோ, தோமா குரூஸ். ஞானஸ்நானப் பெயர்கள் மட்டுமே புத்தகத்தில் தங்கியிருக்கின்றன. அண்டிரிக்கைப் பற்றி எழுதும் அதே மரியாதையோடு இவர்களைப் பற்றியும் நாம் எழுத வேண்டும். ஆப்பிரிக்காவைச் சுற்றிப் பல மாதங்கள் கப்பலில் போய், அந்நிய நகரத்தில் அமர்ந்து, தாய்மொழியின் ஒலிகளைப் புதிய எழுத்தில் பிடித்துக் காட்டியவர்கள் அவர்கள். அங்கே ஆசிரியர்களாக இருந்தவர்கள் தமிழர்கள்.

1961க்குப் பிறகு தூத்துக்குடியில் பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சங்குகுளி நடக்கிறது. தோணிகளும் துறைமுகமும் இருக்கின்றன. ஒரே நாளில் பனிமய மாதா ஆலயம், மணப்பாட்டுக் குகை, திருச்செந்தூர் என்று சுற்றிவிட்டுப் படங்களோடு திரும்புகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. விடுப்பு கிடைப்பதே அவ்வளவுதான். ஆனால் இரண்டு நாள் கூடுதலாகக் கிடைத்தால் ஓர் ஊரைக் குறைத்துக்கொள்ளுங்கள். அலைவாய்க்கரையில் உட்கார்ந்து, காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் மீனுக்கும் அங்குள்ளவர்கள் சொல்லும் பெயர்களைக் கேளுங்கள். நீங்கள் தமிழர்தான், ஆனாலும் பாதி புரியாது. புரியாததை வெட்கப்படாமல் திரும்பக் கேளுங்கள்.

அண்டிரிக் 1600இல் காலமானார்; தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் போர்த்துகீசிய மொழியில் எழுதிய தமிழ் இலக்கணம் கையெழுத்துப் பிரதியாகவே நூற்றாண்டுகள் கிடந்தது. 2013இல் வி.எஸ். ராஜமும் ஜீன் ஹைனும் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்கள். மீன்பிடிக் கரையின் மக்கள் 16ஆம் நூற்றாண்டில் எப்படிப் பேசினார்கள் என்பதற்கு இன்று நம்மிடம் உள்ள நல்ல சான்றுகளில் ஒன்று அது. அதைத் தமிழிலும் நல்ல குறிப்புகளோடு யாராவது பதிப்பிக்க வேண்டும். புன்னைக்காயல் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊர்க்காரர்களின் பேச்சை அதில் படிக்க வேண்டும்.