கட்டுமான மேலாண்மை: சமூகக் கல்லூரியில் என்னதான் படிக்கிறார்கள்?



"சார், பையன் கொலேஜ் கொமுனிட்டியில கட்டுமானம் படிக்கிறேன்னு நிக்கிறான். சிமெண்டு கலக்குறதுக்கு எதுக்கு சார் சர்டிஃபிகேட்?"

எஸ்.பி.எம். முடிவு வந்த வாரத்தில் ஓர் அப்பா என்னிடம் இப்படிக் கேட்டார். அவரே பல வருஷம் சைட்டில் வேலை பார்த்தவர். அந்த வெயிலும் தூசியும் மகனுக்கு வேண்டாம் என்பதுதான் அவருடைய கவலை. நியாயமான கவலைதான். ஆனால் எனக்குச் சரியான பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் பேசிப் பேசி அவர்கள் ஒரு முடிவுக்கு வருவதற்குள் விண்ணப்பத் தேதி முடிந்துவிட்டது. பையனுக்கு ஒரு வருஷம் போனது. அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

மேலாண்மை என்றால் என்ன?

ஒரு கட்டடம் எழும்ப கொத்தனார், கம்பி கட்டுபவர், தச்சர், மின் வேலைக்காரர், குழாய் வேலைக்காரர் எனப் பலர் வேண்டும். யார் எந்த நாளில் வரணும், அவர்கள் வரும்போது பொருள் தயாராக இருக்கா, செலவு கணக்குக்குள் நிற்குதா, யாருக்கும் அடிபடாமல் வேலை முடியுமா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் வைத்திருப்பதுதான் கட்டுமான மேலாண்மை. காலம், செலவு, தரம், பாதுகாப்பு என்று நான்கு தலைப்பில் இதை நினைவில் வையுங்கள்.

1. காலம்

பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அறை கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வேலைகள் இவை:

அ. இடத்தைச் சுத்தம் செய்து அளந்து குறித்தல்: 3 நாள்
ஆ. அடித்தளம்: 6 நாள் (அ முடிந்த பிறகு)
இ. கூரைச் சட்டம் பட்டறையில் செய்து வருதல்: 15 நாள் (அ முடிந்த பிறகு)
ஈ. தூணும் சுவரும்: 12 நாள் (ஆ முடிந்த பிறகு)
உ. கூரை பொருத்துதல்: 4 நாள் (இ, ஈ இரண்டும் முடிந்த பிறகு)
ஊ. சுவரில் மின்கம்பிக் குழாய் பதித்தல்: 3 நாள் (ஈ முடிந்த பிறகு)
எ. பூச்சும் வர்ணமும்: 5 நாள் (உ, ஊ இரண்டும் முடிந்த பிறகு)

எல்லாவற்றையும் கூட்டினால் 48 நாள். ஆனால் சில வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கும். அதனால் பாதை பாதையாகக் கூட்டிப் பாருங்கள்.

அ–ஆ–ஈ–உ–எ: 3 + 6 + 12 + 4 + 5 = 30
அ–ஆ–ஈ–ஊ–எ: 3 + 6 + 12 + 3 + 5 = 29
அ–இ–உ–எ: 3 + 15 + 4 + 5 = 27

மிக நீளமான பாதை 30 நாள். ஆகவே 30 நாளுக்குக் குறைந்து இந்த அறை முடியாது. இதைத்தான் 'கிரிட்டிகல் பாத்', நெருக்கடிப் பாதை என்கிறார்கள். 1957-இல் அமெரிக்காவின் டூபாண்ட், ரெமிங்டன் ராண்ட் நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் உருவாக்கிய முறை இது.

இப்போது கூரைச் சட்டம் 2 நாள் தாமதம் என்று பட்டறையிலிருந்து போன் வருகிறது. பதற வேண்டாம். அந்தப் பாதையில் 3 நாள் தளர்வு இருக்கிறது. 5 நாள் தாமதம் என்றால்? 27 + 5 = 32. வேலை 2 நாள் பிந்தும். ஒப்பந்தத்தில் நாளுக்கு 500 ரிங்கிட் தாமதத் தொகை என்று எழுதியிருந்தால் 1,000 ரிங்கிட் கையை விட்டுப் போகும். எந்தப் போனுக்குப் பதறணும், எதற்குப் பதற வேண்டாம் என்று தெரிந்து வைத்திருப்பவர்தான் மேலாளர்.

2. செலவு

12 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம் உள்ள ஒரு சுவர். பரப்பு 36 சதுர மீட்டர். கதவுக்கும் சன்னலுக்கும் 6 சதுர மீட்டர் கழித்தால் 30. அரைக்கல் சுவருக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 60 செங்கல் என்பது வழக்கமான கணக்கு. 30 × 60 = 1,800. உடைசலுக்கு 5 விழுக்காடு, அதாவது 90 சேர்த்தால் 1,890 செங்கல்.

இதில் பெருக்கலும் விழுக்காடும் தவிர வேறென்ன இருக்கு? "இந்தக் கணக்கெல்லாம் வாழ்க்கையில எங்க டீச்சர் வரும்?" என்று கேட்கும் மாணவனுக்கு இதைக் காட்டலாம். கழிக்க மறந்தால் 378 செங்கல் கூடுதலாக வந்து இறங்கும். அதற்கும் காசு கொடுக்கணும், அடுக்கி வைக்க இடமும் வேணும்.

3. தரம்

கான்கிரீட் ஊற்றிய அன்றே அது நல்லதா கெட்டதா என்று கண்ணால் சொல்ல முடியாது. ஊற்றும் முன் கூம்பு அச்சில் நிரப்பி, அச்சைத் தூக்கி, எவ்வளவு சரிகிறது என்று அளப்பார்கள். அது 'ஸ்லம்ப்' சோதனை. அதே கலவையில் கனசதுரக் கட்டிகள் வார்த்து, 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் ஆய்வுக்கூடத்தில் நசுக்கிப் பார்ப்பார்கள். எந்தக் கட்டி எந்தத் தூணுக்குரியது, எந்தத் தேதியில் வார்த்தது என்ற பதிவு இல்லையென்றால் சோதனை செய்தும் பயனில்லை. பதிவேடு எழுதுவதும் இந்தப் படிப்பின் ஒரு பகுதிதான்.

4. பாதுகாப்பு

1993 டிசம்பர் 11-இல் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தார்கள். பின்னால் இருந்த மலைச்சரிவு சரிந்ததால் வந்த துயரம் அது. கட்டடத்தைக் கட்டுவதோடு பொறுப்பு முடியாது, மண்ணையும் மழைநீர் வடிகாலையும் கவனிக்கணும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டாம்.

சி.ஐ.டி.பி. எனப்படும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம் 1994-ஆம் ஆண்டின் 520-ஆவது சட்டத்தின் கீழ் அமைந்தது. கட்டுமானத் தளத்தில் வேலை செய்பவர் அதில் பதிவு பெற்றிருக்க வேண்டும். 'கிரீன் கார்டு' என்று நாம் சொல்வது இந்த அட்டையைத்தான். தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும் அதே 1994-இல் வந்ததுதான். அது 514-ஆவது சட்டம்.

சமூகக் கல்லூரி எந்தப் படி?

நம் நாட்டுச் சமூகக் கல்லூரிகள் 2001-இல் தொடங்கின. உயர்கல்வி அமைச்சின் கீழ் இயங்குகின்றன. அங்கே பெறும் சான்றிதழ் மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் 3-ஆம் நிலை. டிப்ளோமா 4-ஆம் நிலை, இளங்கலைப் பட்டம் 6-ஆம் நிலை.

ஒன்றை மறைக்காமல் சொல்லணும். சான்றிதழ் முடித்த மறுநாள் யாரும் உங்களை மேலாளர் நாற்காலியில் உட்கார வைக்க மாட்டார்கள். மேற்பார்வையாளருக்கு உதவியாளராகத் தொடங்கலாம். அல்லது பொலிதெக்னிக்கில் டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம். அதன்பின் யு.டி.எச்.எம். போன்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் பட்டம் படிக்கலாம். ஏணி இருக்கிறது, ஏறுவது உங்கள் கையில்.

இன்னொன்று. 'கட்டுமான மேலாண்மை' என்ற பெயரை மட்டும் தேடாதீர்கள். கட்டடப் பராமரிப்பு போன்ற வேறு பெயர்களிலும் இத்துறைக்கு நுழைவாயில் உண்டு. எல்லாக் கல்லூரியிலும் எல்லாப் பாடமும் கிடைக்காது. ஆகவே யு.பி.யு. ஆன்லைனில் விண்ணப்பிக்கும் முன் கல்லூரியிடம் கேளுங்கள்:

• இந்தப் பாடத்துக்கு முழு அங்கீகாரம் இருக்கிறதா?
• தொழிலகப் பயிற்சி எத்தனை மாதம், இடத்தை யார் தேடித் தருவார்கள்?
• இதை முடித்தால் எந்த டிப்ளோமாவுக்குப் போகலாம்?
• படிக்கும்போதே சி.ஐ.டி.பி. அட்டை எடுக்க ஏற்பாடு உண்டா?

வகுப்பில் செய்து பார்க்க

மேலே உள்ள அட்டவணையில் மின்கம்பிக் குழாய் வேலை (ஊ) 3 நாளுக்குப் பதில் 6 நாள் ஆகிறது. மற்றவை மாறவில்லை. வேலை எத்தனை நாளில் முடியும்? நெருக்கடிப் பாதை எது?

விடை: 32 நாள். இப்போது அ–ஆ–ஈ–ஊ–எ பாதையே நெருக்கடிப் பாதை.

ஆசிரியர்களே, இந்த ஒரு கணக்கைப் பெற்றோர் சந்திப்பிலும் போட்டுக் காட்டுங்கள். சைட்டில் வேர்வை சிந்திய அப்பாவுக்கு இது நம்மைவிட நன்றாகப் புரியும். கூரை வராமல் சும்மா உட்கார்ந்திருந்த நாட்கள் அவருக்கு நினைவிருக்கும். அந்த நாட்களை முன்கூட்டியே கணக்குப் போட்டுத் தடுக்கத்தான் பிள்ளை படிக்கப் போகிறான் என்று சொல்லுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் இதே பதில்தான். ஆனால் விண்ணப்பத் தேதி முடிவதற்குள் சொல்லிவிடுங்கள்.