சமயபாடமும் ஒழுக்கக் கல்வியும்

பாடசாலையிலே சமயம் ஒரு தனிப்பாடமாக அமைந்தது எக்காலத்தில்? இவ்வினா சிறியது போலத் தோன்றினும், அதற்கு விடை தேடுவோர் யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாற்றின் பெரும்பகுதியைக் கடந்து செல்லுதல் வேண்டும்.

முற்காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களிற் சமயத்துக்கெனத் தனி நேரம் இருந்ததில்லை. விசயதசமியில் ஏடு தொடக்கிய பிள்ளை, மணலிலே அரிவரி எழுதிப் பழகியபின், ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலிய நீதிநூல்களை மனனஞ் செய்தான். எழுத்தும் ஒழுக்கமும் ஒருங்கே புகட்டப்பட்டன; சட்டம்பியாரது வாழ்க்கையே அந்நூல்களுக்கு உரையாயிற்று. ஆயினும் அத்திண்ணை எல்லாப் பிள்ளைகளுக்கும் இடந்தந்ததில்லை என்பதையும் மறைத்தலாகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறிற்று. 1816 இல் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்திற் பணி தொடங்கினர். 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவினர். வகுப்பு முறை, அச்சுநூல், வினாவிடை என்பன கல்வியின் கருவிகளாயின. ஆங்கிலமும் விஞ்ஞானமும் நாடிச் சென்ற சைவப் பிள்ளைகள், அவற்றுடன் கிறித்தவ போதனையையும் கேட்க வேண்டியவராயினர்.

இம்முறையை உள்ளிருந்தே கண்டறிந்தவர் ஆறுமுக நாவலர் (1822–1879). வெசுலியன் ஆங்கிலப் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவிய அவர், 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். தாம் எதிர்த்தவரின் கருவிகளையே கைக்கொண்டு, பாலபாடங்களையும் சைவ வினாவிடைகளையும் இயற்றி அச்சிட்டார். சைவம் வகுப்பறைப் பாடமாக உருப்பெற்றது இவ்வாறே. அவர் வழியில் 1888 இற் சைவபரிபாலன சபை தோன்றிற்று. 1890 இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி அச்சபையின் பொறுப்பில் வந்தது. 1923 இல் அமைந்த சைவ வித்தியாவிருத்திச் சங்கம் கிராமந்தோறும் பாடசாலைகளைப் பரப்பிற்று.

பாடசாலைகள் பெருகின, பாடமும் நிலைபெற்றது. ஒழுக்கம் நிலைபெற்றதோ? அதற்கு ஒரு சோதனை விரைவில் வந்தது. அரசினரிடம் உதவி பெறும் பாடசாலைகளிற் சாதி பாராது எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளித்தல் வேண்டுமென 1929 அளவில் விதிக்கப்பட்டது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசார் அதனை ஆதரித்து நின்றனர். வேறு பலரோ கடுமையாக எதிர்த்தனர். சில பாடசாலைகள் தீக்கிரையுமாயின. எல்லா உயிரிலும் இறைவன் உறைகின்றான் என்று ஓதிய நாவினர், அயலவன் பிள்ளை வாங்கிலே தம் பிள்ளைக்கு அருகில் அமர்வதைப் பொறுத்திலர். அறிவு நாவோடு நின்றதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் பொறுப்பிற் சென்றன. இன்று மாணவர் தத்தம் சமயத்தைப் பயின்று, க.பொ.த. சாதாரண தரத்தில் அதனைக் கட்டாய பாடமாக எழுதுகின்றனர். பிறசமயம் தம்மேற் சுமத்தப்படுமோ என்று அஞ்சிய காலம் போயிற்று. அது பெரும் பேறே. ஆயினும் தேவாரத்தைப் பிழையற எழுதியவன் புள்ளி பெறுகின்றான். அவன் தன் அருகிலிருப்பவனை எவ்வாறு நடத்துகின்றான் என்பதற்கு வினாத்தாளில் இடமில்லை.

அவ்விடத்தை நிரப்புவோர் ஆசிரியரே. காலந் தவறாது வகுப்புக்கு வருதல், ஏழை மாணவனையும் செல்வன் மகனையும் ஒரே குரலில் அழைத்தல், தம் பிழையைத் தாமே ஒப்புக்கொள்ளுதல் ஆகிய இவை எழுதாச் சமயபாடங்கள். பழைய மாணவராகிய நாம் கல்லூரியை நினைக்கும்போது, மனனஞ் செய்த விடைகளிற் பல மறந்துபோயின. நம்மை நேர்மையாக நடத்திய ஆசிரியரின் முகம் மறக்கவில்லை. மண்டபமும் மணிக்கூண்டும் எழுப்ப நிதி திரட்டும் நாம், அத்தகைய ஆசிரியரைப் போற்றுதலையும், நம் பிள்ளைகளுக்கு வீட்டிலே அவ்வாறு நடந்து காட்டுதலையும் இவ்விழாக் காலத்தில் மேற்கொள்வோமாயின், அதுவே கல்லூரிக்கு நாம் செலுத்தும் குருதட்சணையாகும்.