விடுதி அறைக்குள் வீசிய புயல்!

மதுரையில் கடல் ஏது? வைகையில் தண்ணீர் ஓடினாலே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற ஊர் இது. ஆனால் தமிழ் நாவலில் இதுவரை அடித்த ஆகப்பெரிய கடற்புயல் இங்கேதான், ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் தங்கியிருந்த ஒரு தனிக்கட்டையின் தலைக்குள் கிளம்பியது! வாருங்கள், எட்டிப் பார்ப்போம்.

அவர் ப. சிங்காரம். 1920-இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். பர்மா, மலேயா, சுமத்ரா என்று நம் பக்கத்துப் பையன்கள் கப்பலேறிக்கொண்டிருந்த காலம். 1938-இல் இவரும் ஏறினார். சுமத்ராவின் மெடான் நகரில் வட்டிக்கடை வேலை. அந்த ஊர் நூலகத்தில்தான் ஹெமிங்வே கைக்கு வந்தார். (பெட்டியடியில் கணக்கெழுத வந்த பையனுக்கு இதெல்லாம் வேண்டாத வேலை என்று யாராவது நிச்சயம் திட்டியிருப்பார்கள்!) பிறகு போர். டச்சுக்காரன் போனான், ஜப்பான்காரன் வந்தான். மனைவியையும் குழந்தையையும் பிரசவத்தில் அங்கேயே பறிகொடுத்தார். 1946-இல் ஊர் திரும்பியவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. 'தினத்தந்தி' மதுரை அலுவலகத்தில் வேலை, ஒய்.எம்.சி.ஏ.வில் ஜாகை. அந்த விடுதியிலேயே ஏறத்தாழ ஐம்பது வருஷம், ஐயா!

அந்த வாழ்க்கைக்குள் இருந்துகொண்டு 'புயலிலே ஒரு தோணி' நாவலில் என்னவெல்லாம் இறக்கியிருக்கிறார் பாருங்கள். வட்டித்தொழில் செய்த செட்டியார்களின் கிட்டங்கி, அதன் மேலாள், அடுத்தாள் என்ற பணியாளர்கள், ஜப்பானியர் நுழைந்த மெடான், நேதாஜியின் படை, மலாக்கா நீரிணையில் புயலில் சிக்கித் தத்தளிக்கும் தொங்கான் என்னும் சரக்குத் தோணி. எனக்குப் பித்துப் பிடிக்க வைத்தது பினாங்கு மதுக்கடைக் காட்சி. நாயகன் பாண்டியனும் கூட்டாளிகளும் போதையேறத் தமிழன் பெருமையைத் தோரணம் கட்டித் தொங்கவிட்டு, உடனே அதைத் தாங்களே பிய்த்துப் போடுகிறார்கள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிடும்! பொற்காலப் பேச்சு மேடைக்கு மேடை முழங்கிய நாளில் இப்படி எழுத எவ்வளவு துணிச்சல்!

அச்சேறியதோ ஆமை நடையில். 1950-இல் எழுதிய 'கடலுக்கு அப்பால்' கலைமகள் நாவல் போட்டியில் பரிசு வாங்கி 1959-இல்தான் நூலானது. 1962 வாக்கில் எழுதிய 'புயலிலே ஒரு தோணி' 1972 வரை காத்துக் கிடந்தது. வந்த பிறகும் பெரிய சத்தமில்லை. அவர் மூன்றாவது நாவல் எழுதவேயில்லை. அந்தப் பழி வாசகர்களாகிய நம் மேல்தான். 1997 டிசம்பரில் மறைந்தபோது சேமிப்பு முழுவதும் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குப் போனது.

ஒரே ஒரு வேண்டுகோள். இரண்டு நாவல்களையும் எழுதிய வரிசையிலேயே படியுங்கள். பன்னிரண்டு வருஷத்தில் மனிதர் எங்கிருந்து எங்கே தாவியிருக்கிறார் என்று நீங்களே பார்த்துவிட்டு, நாலு பேருக்குச் சொல்லுங்கள்!