ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணம்: பிள்ளை எப்போது வந்து சேரும்?

எங்கள் செத்தவீடுகளில் இன்று முதலில் எழும் கேள்வி, "கனடாவில இருக்கிற பிள்ளை எப்ப வந்து சேரும்?" என்பதுதான். 1983இன் பின்னர் சிதறிப்போன குடும்பங்கள் நாங்கள். இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை வைத்தே பிரேதத்தை எத்தனை நாள் வைத்திருப்பது, கிரியைக்கு எந்த நேரம் குறிப்பது என்பதெல்லாம் முடிவாகின்றன. உறவினர் வீடுகளில் இந்தக் கணக்கை நான் பலமுறை போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

முதலில் தூரம். கட்டுநாயக்க விமான நிலையத்துக்கும் ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்துக்கும் இடையிலான மிகக் குறுகிய வான்வழித் தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். பூகோள உருண்டை ஒன்றில் இரண்டு ஊர்களையும் நூலால் இணைத்துப் பாருங்கள். நூல் மத்திய ஆசியா, ரஷ்யா, கிறீன்லாந்து வழியாக வடதுருவப் பக்கமாகவே போகும். நேரடி விமானம் இல்லாததால் டுபாய், டோஹா, லண்டன் போன்ற இடங்களில் மாறவேண்டும். ஆனால் தூரம் பெரிதாகக் கூடுவதில்லை. டுபாய் வழியாக வந்தாலும் லண்டன் வழியாக வந்தாலும் சுமார் 14,400 கிலோமீற்றர்தான்.

அடுத்தது நேரம். பெரிய விமானங்கள் மணித்தியாலத்துக்குச் சுமார் 900 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும். டுபாய் வழியென்றால், இரண்டு பறப்புகளும் சேர்ந்து ஏறத்தாழ 18 மணித்தியாலங்கள். இடையில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் 22 மணித்தியாலங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இணைப்பு விமானம் சரியாக அமையாவிட்டால் 30ஐயும் தாண்டும்.

குழப்பம் வருவது கடிகாரத்தில்தான். இலங்கை நேரம் ரொறன்ரோ நேரத்தைவிடக் குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலமும், கோடையில் ஒன்பதரை மணித்தியாலமும் முந்தியது. குளிர்காலத்தில் இங்கிருந்து அதிகாலை 3 மணிக்குப் புறப்படுபவர் 22 மணித்தியாலம் பயணம் செய்தும், அதே திகதியில் பிற்பகல் 2.30க்கு அங்கே இறங்குவார். அங்கிருந்து வரும்போது நிலைமை தலைகீழ். திங்கள் இரவு 10 மணிக்குப் புறப்படுபவர் கட்டுநாயக்கவில் இறங்குவது புதன் காலை 6.30க்கு. செவ்வாய்க்கிழமை முழுவதும் வழியிலேயே போய்விடும்.

ஒரு உதாரணம். தாய் திங்கள் காலை 6 மணிக்கு யாழ்ப்பாணத்தில் இறந்தால், மகனுக்கு அப்போது ஞாயிறு இரவு 7.30. அன்றிரவே விமானம் பிடிப்பது அநேகமாக முடியாது. அடுத்த நாள் இரவு ஏறினால் புதன் காலை கட்டுநாயக்க. அங்கிருந்து வாகனத்தில் ஏழெட்டு மணித்தியாலம். வீட்டு வாசலுக்கு வர புதன் பின்னேரம் ஆகிவிடும். ஆகவே கிரியையை வியாழனுக்கு வைப்பதே பாதுகாப்பு.

பலாலியிலிருந்து சென்னை வான்வழியில் 360 கிலோமீற்றருக்கும் குறைவு. சென்னை வழியாக வர நினைப்பவர்கள், அன்றைக்குப் பலாலிக்குச் சேவை உண்டா, இந்திய விசா தேவையா என்பதை முதலில் விசாரியுங்கள். இரண்டு தனித்தனி ரிக்கற் எடுத்தால், முதல் விமானம் பிந்தி அடுத்ததைத் தவறவிடும்போது நட்டம் பயணிக்கே.

தொலைபேசியில் வரவைக் கேட்கும்போது "எப்ப வெளிக்கிடுகிறாய்?" என்று மட்டும் கேட்காதீர்கள். கட்டுநாயக்கவில் இறங்கும் திகதியையும் நேரத்தையும் இலங்கைக் கணக்கில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒருநாள் பிசகினால், கடைசியாக முகம் பார்க்கும் வாய்ப்பே போய்விடும்.